நரம்பு நண்பன் வெளியீட்டு விழா

எலியின் மூளையை மெல்லிய சீவல்களாக நறுக்கி, அவை உயிரோடு இருக்கும்போதே அவற்றிடம் கேள்வி கேட்பதுதான் கவிப்ரியாவின் வேலை. சீவலை உப்புநீரில் மிதக்கவிட்டு அடியிலிருந்து ஆக்ஸிஜன் குமிழ்களை ஊட்டினால் போதும். தான் எப்போதோ செத்துப்போனது தெரியாமல் பல மணி நேரம் அது ஒழுங்காக வேலை பார்க்கும். நிலையத்தின் சில பிரிவுகளும் இப்படித்தான் ஓடுகின்றன என்று ஆய்வுக்கூட மேலாளர் அப்துல் அஜீஸ் சொல்வார். கதவைச் சாத்திய பிறகுதான் சொல்வார்.

கவிப்ரியா திருச்சியில் மருந்தியல் படித்து முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்தவள். அவள் வேலை செய்த இடம் மூளையையும் முதுமையையும் ஆராய்வதற்கென்று தொடங்கப்பட்ட ஒரு பெரிய நிலையம். கண்ணாடிக் கட்டடம். வாசலில் மூளை வடிவத்தில் ஒரு நீரூற்று. தண்ணீர் எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு இன்னும் கூடிக்கொண்டிருந்ததால் நீரூற்று ஓடவில்லை.

அவள் கண்டுபிடித்தது இதுதான். ஒரு நரம்பு இன்னொரு நரம்போடு பேச நினைத்தால் தன் முனையிலிருந்து ஒரு ரசாயனத்தை வெளியிடும். எதிரே இருக்கும் நரம்பின் ஏற்பிகள் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் வெளியிடும் முனையிலேயே இன்னொரு வகை ஏற்பியும் உட்கார்ந்திருக்கிறது. வெளியே கொட்டியதை ருசி பார்த்து, “போதும், நிறுத்து” என்று சொல்வது அதன் வேலை. கே-17 என்ற மூலக்கூறு இந்தப் ‘போதும்’ ஏற்பியின் வாயைப் பொத்திவிடும். உடனே ரசாயனம் மடை திறந்த மாதிரி கொட்டும். உயிருள்ள எலிக்குக் கொடுத்தால் அது சிக்கலான பாதையில்கூட தீனி இருக்கும் இடத்துக்கு நேராக ஓடும். எல்லாம் கால் மணி நேரம்தான். அதற்குள் முனை வறண்டுவிடும். பிறகு எலி புது வழியை மறக்கும், பழகிய பழைய வழியையும் மறக்கும், கடைசியில் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்க்கும்.

வரைபடத்தில் கோடு ஏறி, பிறகு ஏறிய இடத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. கவிப்ரியாவுக்குத் திருப்தி. ஒரு பொருள் மருந்தாகாது என்று தெரிந்துகொள்வதும் பயன்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நிலையத்தில் பயன் என்பதைத் தீர்மானிக்கத் தனியாக ஒரு பிரிவு இருந்தது. அதன் பெயர் தாக்கப் பிரிவு.

தாக்கப் பிரிவிலிருந்து அமலா வந்தாள். சுறுசுறுப்பான பெண். யாரையும் புண்படுத்தாமல் பேசுவதில் பயிற்சி பெற்றவள்.

“டாக்டர், உங்க கிராஃப் சூப்பர்லா. லெஃப்ட் சைடு பாக்கவே ஹேப்பியா இருக்கு. ஆனா ரைட் சைடு கொஞ்சம் கீழ போகுது.”

“ஆமா. அதுதான் ரிசல்ட்டே.”

“புரியுது. ஆனா பாக்கறவங்க லெஃப்ட்லேருந்து ரைட்டுக்குப் படிப்பாங்க இல்லையா? கடைசியில மனசு கஷ்டமாயிடும். நாங்க கால் மணியோட நிறுத்திக்கிறோம். மிச்சத்த எதிர்கால ஆய்வுன்னு போட்டுடலாம்.”

“அது எதிர்காலம் இல்லங்க. போன மாசமே செஞ்சு முடிச்சாச்சு.”

“உங்களுக்குப் போன மாசம். மக்களுக்கு எதிர்காலம்தானே?” என்றாள் அமலா. நட்போடுதான் சொன்னாள்.

மறுநாள் கவிப்ரியா இயக்குநரைப் பார்க்கப் போனாள். டாக்டர் ரத்னவேல் சிங்கப்பூரின் ஆங் மோ கியோ பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், ஒரு காலத்தில் நல்ல ஆராய்ச்சியாளர் என்று சொல்வார்கள். இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் புகைப்படம் எடுக்க மட்டும் வருவார். சாதாரணமாகப் பேசும்போதும் எதிரே மைக் இருப்பதுபோலத்தான் பேசுவார்.

“கவிப்ரியா, பாதி உண்மை சொல்றோம்னு நீங்க வருத்தப்படுறீங்க. நான் கேக்கறேன், முழு உண்மை எவ்வளவு நீளம்? யாரு அதைப் படிச்சு முடிச்சிருக்கா? நாம மக்களோட நேரத்த மதிக்கிறோம்.”

“சார், அட்லீஸ்ட் ஒரு அடிக்குறிப்பாவது போடலாமே. கால் மணிக்கு அப்புறம் நினைவாற்றல் முன்னைவிடக் குறையுதுன்னு.”

“போட்டோம். அமலா போட்டுக் கொண்டுவந்தாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். ஏன்னு கேளுங்க. அடிக்குறிப்புன்னா சின்ன எழுத்து. இது முதியோருக்கான திட்டம். அவங்களால சின்ன எழுத்தப் படிக்க முடியாது. படிக்க முடியாததைப் போடறது அவங்களை அவமதிக்கிற மாதிரி.”

“பெரிய எழுத்துல போடலாமே சார்?”

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். “பெரிய எழுத்துல போட்டா அது அடிக்குறிப்பு இல்லையே, கவிப்ரியா.”

அவளுடைய வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கப்பட வேண்டிய சமயம் அது. ஒப்பந்தத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தது. நிலையத்தின் முடிவுகளை நிலையத்தின் மேடையைத் தவிர வேறெங்கும், வேறு யாரிடமும் பேசக் கூடாது. அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். எல்லாரும் போட்டிருந்தார்கள்.

*

கவிப்ரியா குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கில் அறை எடுத்திருந்தாள். வீட்டுக்காரர் கோவிந்தசாமி ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மனைவி கமலம். சில வருஷங்களாகக் கோவிந்தசாமிக்கு மறதி. காலையில் கோப்பி குடிக்கும்போது, “நீ என்ன வேலைம்மா பாக்கறே?” என்று கேட்பார். அவள் சொல்வாள். ஆவலோடு கேட்டுக்கொள்வார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “அதுசரி, நீ என்ன வேலை பாக்கறே?” என்பார். முதல் தடவை சொன்ன அதே பொறுமையோடு அவளும் மறுபடி சொல்வாள். தன் ஆராய்ச்சியை இத்தனை அக்கறையோடு கேட்பவர் இந்த ஊரில் வேறு யாருமில்லை என்பதும் ஒரு காரணம்.

ஒருநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கமலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“கவி, இதப் பாரு! நினைவாற்றலில் திருப்புமுனைன்னு போட்டிருக்கான். உன் பேரும் இருக்கு. சொல்லவே இல்லையே நீ!”

திரையில் நிலையத்தின் அறிவிப்பு. பாதி வரைபடம். மேலே ஏறிக்கொண்டே போகும் கோடு.

“மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாக்கப்போறாங்களாம். தேக்காவுல விழா வச்சுப் பேர் எழுதிக்கிறாங்க. அவரு பேரை முதல்ல போடச் சொல்லு, என்ன?”

“ஆண்ட்டி, அது வேணாம்.”

“ஏன்?”

கவிப்ரியா வாயைத் திறந்தாள். வாசல் என்பது நிலையத்தின் மேடை அல்ல.

“இன்னும் நிறைய வேலை இருக்கு அதுல. இப்பக் கொடுக்க வேணாம்.”

கமலத்தின் முகம் மாறியது. “ஊருக்கெல்லாம் கொடுப்பே. சோறு போட்ட வீட்டுக்கு வேணாமா? நேத்து ராத்திரி என்னைப் பாத்து யாருன்னு கேட்டாரு தெரியுமா? ஒரு நிமிஷந்தான். அப்புறம் சரியாயிட்டாரு. அந்த ஒரு நிமிஷம் நான் எப்படி நின்னேன்னு உனக்குத் தெரியுமா?”

கவிப்ரியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு இருவரும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. கோவிந்தசாமி மட்டும் வழக்கம்போல, “என்ன வேலைம்மா பாக்கறே?” என்று கேட்டார்.

*

மற்ற மொழி விழாக்கள் வேறு பேட்டைகளில் முடிந்திருந்தன. தமிழ் விழாவுக்குச் சுவரொட்டி அடிக்க வேண்டும். மொழிச் செம்மைக் குழு கூடியது. நிலையத்தின் சட்ட ஆலோசகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அமலா, இயக்குநர். தமிழ் தெரிந்த விஞ்ஞானி என்பதால் கவிப்ரியாவையும் அழைத்திருந்தார்கள்.

சுவரொட்டியின் முதல் வரி, ‘நரம்புக் கடத்தி வெளியீடு’.

சட்ட ஆலோசகர் தாளைக் கீழே வைத்தார். “கடத்தியா?”

“நரம்புச் செய்தியைக் கடத்துற ரசாயனம் சார். அகராதியிலயே இருக்கு” என்றாள் கவிப்ரியா.

“அகராதி இந்த நாட்டுல இல்ல. நாம இருக்கோம். ஒரு மருந்து நிலையம், சிராங்கூன் ரோட்டுல, பெரிய எழுத்துல, கடத்தின்னு பேனர் கட்டுது. கீழ இயக்குநர் படம் சிரிச்சுக்கிட்டு இருக்கு. யோசிச்சுப் பாருங்க.”

இயக்குநர் யோசித்துப் பார்த்தார். நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“விநியோகிப்பான்னு போடலாமா?” என்றாள் அமலா.

“ஐயோ” என்றார் சட்ட ஆலோசகர்.

தமிழாசிரியர் கண்ணை மூடித் திறந்து, “நரம்புத் தூதர்” என்றார். எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் தூதர் என்றால் வெளியுறவு விஷயம் ஆகிவிடும், எந்த நாட்டுத் தூதர் என்று கேள்வி வரும் என்று ஒரு சந்தேகம் எழுந்தது. நரம்பு அஞ்சல்காரர் என்றால் அஞ்சல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும் கூட்டம் தொடர்ந்தது. கடைசியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஒரு சொல் கிடைத்தது. நண்பன்.

சுவரொட்டி இப்படி வந்தது. ‘நரம்பு நண்பன் வெளியீட்டு விழா. தலைமை: டாக்டர் ரத்னவேல். முதலில் பெற்றுக்கொள்பவர்: தொழிலதிபர் திரு. ரகுபதி. நன்றியுரை: முனைவர் கவிப்ரியா. அனைவருக்கும் மதிய உணவு உண்டு.’

“பெற்றுக்கொள்பவர்னா?” என்று கேட்டாள் கவிப்ரியா.

“ஏற்பி!” என்றாள் அமலா. “மேடையில ஒரு பெரிய பொட்டி, அதுதான் நரம்பு முனை. உள்ள பலூன். டைரக்டர் திறப்பாரு, பலூன் வெளிய வரும். ரகுபதி சார் வாங்கிக்குவாரு. அவருதான் ஏற்பி. உங்க ஆராய்ச்சி அப்படியே மேடையில வந்துடுச்சு பாருங்க.”

“முனையிலேயே ஒரு ஏற்பி இருக்கும். போதும்னு சொல்றது. அது யாரு?”

அமலா பட்டியலைப் புரட்டினாள். “அதுக்கு ஸ்பான்சர் கிடைக்கல.”

விழாவுக்கு முந்தைய வாரம் கவிப்ரியா ஒரு முக்கியமான சோதனையை மறுபடி செய்துகொண்டிருந்தாள். கே-17 அளவைப் பாதியாகக் குறைத்தால் பின்னால் வரும் சரிவாவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சீவல்களை மிதக்கவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தால் தொட்டியில் குமிழ்கள் இல்லை. ஆக்ஸிஜன் உருளை இருந்த இடம் காலியாக இருந்தது. சீவல்கள் வெளுத்துக் கிடந்தன.

“தாக்கப் பிரிவு எடுத்துட்டுப் போனாங்க” என்றார் அப்துல் அஜீஸ். “பலூன் ஒத்திகைக்காம். இது பலூனுக்கு இல்லன்னு சொன்னேன். டைரக்டர் கையெழுத்தக் காட்டினாங்க.”

மாடியில் ஒத்திகை நடந்தது. ஆக்ஸிஜன் அடைத்த பலூன்கள் பறக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொன்றாக உருண்டு கீழே விழுந்தன. ஆய்வுக்கூடம் தரமற்ற வாயுவைப் பயன்படுத்துவதாக அன்று மாலையே அஜீஸுக்கு ஒரு புகார் வந்தது.

அன்றைக்குத்தான் கவிப்ரியாவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. அவள் அழவில்லை, யாரிடமும் கத்தவும் இல்லை. செத்த சீவல்களை அப்புறப்படுத்தித் தொட்டியைக் கழுவினாள். கழுவிக்கொண்டே ஒன்று யோசித்தாள். விழாவில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் தாக்கப் பிரிவு முன்கூட்டியே வாங்கித் திருத்தியிருந்தது. நன்றியுரையை யாரும் கேட்கவில்லை. நன்றியுரை என்ற ஒன்றை உலகத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அது நடப்பது நிலையத்தின் மேடையில்தான்.

*

தேக்காவில், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த மண்டபம் ஞாயிறு காலையில் நிரம்பிவிட்டது. பெரும்பாலும் முதியவர்கள். நுழைவாயிலில் ஒரு மேசை. சோதனைக்குப் பெயர் கொடுப்பவர்களுக்கு உணவுச் சீட்டு தரப்பட்டது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இன்னும் வரவில்லை. அனுமதி வந்தால் தாமதம் ஆகக் கூடாதே என்று பெயர்களை மட்டும் எடுத்துவைத்தார்கள். நெறிமுறைக் குழுவுக்கும் பாதி வரைபடம்தான் போயிருந்தது. சாதம், சாம்பார், மீகூன், கேசரி எல்லாவற்றின் வாசனையும் மேசைக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்ததால் வரிசை வேகமாக நகர்ந்தது. கமலம் கணவர் பெயரைக் கொடுத்துவிட்டு, அவரை முன்வரிசையில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் இருந்த கவிப்ரியாவை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தமிழ் வாழ்த்து முடிந்தது. இயக்குநர் எழுந்தார்.

“அன்பார்ந்த பெருமக்களே! மற்ற நாடுகளில் விஞ்ஞானிகள் உண்மையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுகிறார்கள் என்றால் என்ன பொருள்? இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். நமது நிலையத்தில் அந்த அவலம் இல்லை. நாங்கள் முதலில் அறிவித்துவிடுகிறோம். அறிவித்த பிறகு கண்டுபிடித்தே தீரவேண்டிய பொறுப்பு எங்களுக்கு வந்துவிடுகிறது. பொறுப்பில்லாத விஞ்ஞானம் ஒரு விஞ்ஞானமா?”

பலத்த கைத்தட்டல்.

“எலி என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். எலி செய்ததை எலியிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் மனிதர்களுக்காக உழைக்கிறோம்!”

மறுபடியும் கைத்தட்டல்.

பெட்டியைத் திறந்தார். இந்தத் தடவை சரியான வாயு. பலூன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே போயின. கை நீட்டி நின்ற ரகுபதிக்கு எட்டவில்லை. மின்விசிறியில் பட்டுச் சில வெடித்தன. முன்வரிசையில் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அமலா ஓடிப்போய் ஒரு பலூனின் நூலைப் பிடித்து இழுத்துவந்து ரகுபதியின் கையில் கொடுத்தாள். பொன்னாடை போர்த்தினார்கள்.

ரகுபதி தேக்காவில் நகைக்கடை வைத்திருப்பவர். அந்த வட்டாரத்தில் எந்த நூல் வெளியானாலும் முதல் பிரதியை வாங்கும் பெருந்தன்மையாளர். ஒரு கையில் பலூனோடு மைக் முன்னால் வந்தார்.

“நரம்பு நண்பன் என்ற இந்த அருமையான நூலை நேற்றே எனக்கு அனுப்பிவைத்தார்கள். கையில் எடுத்தேன், கீழே வைக்க முடியவில்லை. குறிப்பாக மூன்றாம் அத்தியாயம். கண் கலங்கிவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்.”

கவிப்ரியா இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் தமிழாசிரியரைப் பார்த்தார். தமிழாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். ரகுபதி முடித்ததும் இயக்குநர் எழுந்து, அவருடைய ஆழ்ந்த வாசிப்புக்கு நிலையம் கடமைப்பட்டிருப்பதாகச் சொன்னார்.

பிறகு நன்றியுரை. கவிப்ரியா எழுந்தபோது பாதி மண்டபமும் எழுந்துவிட்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. சிலர் சாப்பாட்டைப் புங்குஸ், அதாவது பொட்டலம், கட்டிக்கொண்டு போகப் பையைத் தயாராக எடுத்தார்கள்.

அவள் மைக் முன்னால் வந்தாள். தலைமை தாங்கியவருக்கு நன்றி, பலூன் பெற்றவருக்கு நன்றி, மண்டபத்தாருக்கு நன்றி. பிறகு சொன்னாள்.

“கடைசியா எங்க எலிகளுக்கு நன்றி சொல்லணும். கே-17 கொடுத்ததும் அதுங்களுக்குக் கால் மணி நேரம் நல்லா ஞாபகம் இருந்துச்சு. அந்தக் கால் மணியைத்தான் நீங்க அறிவிப்புல பாத்தீங்க. அதுக்கு அப்புறமும் அதுங்க உயிரோட இருந்துச்சுங்க. அந்த நேரத்துக்கும் நன்றி.”

யாரும் கவனிக்கவில்லை. இயக்குநர் புன்னகையோடு கை தட்ட ஆரம்பித்தார். அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“அம்மா, அந்தக் கால் மணிக்கு அப்புறம் என்ன ஆகும்?”

கோவிந்தசாமி. இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது.

“கேள்வி நேரம் நிகழ்ச்சி நிரலில் இல்லை, ஐயா” என்றார் இயக்குநர்.

“மூன்றாம் அத்தியாயத்துல விளக்கமா இருக்கு” என்றார் ரகுபதி.

“முன்னைவிட மோசமாயிடும் அங்கிள்” என்றாள் கவிப்ரியா. மைக்கில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “நரம்பு முனை வறண்டுபோயிடும். புதுசு மட்டுமில்ல, பழசும் மறந்துடும். எலிங்க வீட்டு வழியே மறந்து சுவரப் பாத்து உக்காந்துடுச்சுங்க.”

கமலம் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

அமலா ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பி அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். ஒலிபெருக்கியைக் காலையில் பொருத்தியவர் அப்துல் அஜீஸ். அவர் குனிந்து ஸ்விட்சைத் தேட ஆரம்பித்தார். நிதானமாக, எல்லாப் பக்கமும் தேடினார்.

கோவிந்தசாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். உட்கார்ந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். மறுபடி கையைத் தூக்கினார்.

“அம்மா, கால் மணிக்கு அப்புறம் என்ன ஆகும்?”

சிலர் சிரித்தார்கள். கவிப்ரியா சிரிக்கவில்லை. முதல் தடவை சொன்ன அதே பொறுமையோடு, இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். எழுந்து நின்றவர்கள் இந்தத் தடவை நின்று கேட்டார்கள். வரிசையில் சீட்டோடு இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “என்னவாம்?” என்றார். அவர் சொன்னார். சொன்னது பின்னால் போயிற்று.

இயக்குநர் மைக்கை நோக்கி வந்தார். அதற்குள் கோவிந்தசாமி மூன்றாம் தடவை எழுந்துவிட்டார்.

“அதெல்லாம் சரிம்மா. கால் மணிக்கு அப்புறம்?”

கவிப்ரியா வாய் திறக்குமுன் மண்டபமே பதில் சொன்னது.

“முன்னைவிட மோசம்!”

கமலம் எழுந்து நேராக வாசல் மேசைக்குப் போனாள். “எங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துடுங்க.”

மேசையில் இருந்த பெண் குழம்பிப்போனாள். “பேர் எடுக்கறதுக்கு ஏற்பாடு இல்ல ஆண்ட்டி. எடுத்தா சாப்பாட்டுச் சீட்டத் திருப்பிக் கொடுக்கணும்.”

“இந்தா” என்று கமலம் சீட்டை மேசைமேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. கொஞ்ச நேரத்தில் மேசைமேல் சீட்டுகள் குவிந்தன. சமைத்துக் கொண்டுவந்தவர் அந்தக் குவியலைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்த சாம்பாரைப் பார்த்தார். சீட்டெல்லாம் வேண்டாம், வந்து உட்காருங்கள் என்று எல்லாருக்கும் இலை போட்டார்.

*

திங்கட்கிழமை கவிப்ரியா மேசையைக் காலி செய்து, பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டு இயக்குநரின் கூட்டத்துக்குப் போனாள். ஊருக்கு டிக்கெட்டும் பார்த்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

யாரோ மண்டபத்தில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் போன்களில் சுற்றியிருந்தது. முதியவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வதைப் பார்த்துச் சனங்கள் சந்தோஷப்பட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்துவிட்டது.

“ஒரு எதிர்மறை முடிவை மக்களே திருப்பிச் சொன்ன முதல் நிலையம் நம் நிலையம்தான்!” என்றார் இயக்குநர். “நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன், முழு உண்மை என்பது சின்ன விஷயமல்ல. அதற்கென்று ஒரு பிரிவு வேண்டும். இன்று முதல் நேர்மைத் தாக்கப் பிரிவு இயங்கும். மனிதர்கள் மீதான சோதனை, மேம்பாட்டுக்காக ஒத்திவைக்கப்படுகிறது.”

ஒத்திவைக்கப்படுகிறது என்பதை நிலையத்தின் மொழியில் கைவிடப்பட்டது என்று படிக்க வேண்டும். கவிப்ரியாவுக்கு அந்த மொழி இப்போது கொஞ்சம் வந்திருந்தது. அவளுடைய வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கப்படும் என்றார்கள். ஆக்ஸிஜன் உருளையும் திரும்பி வரும் என்றார்கள். அதற்குக் கொஞ்ச நாள் ஆகுமாம்.

“அடுத்த நிகழ்ச்சி ஆங் மோ கியோவுல” என்றாள் அமலா. “அதே மாதிரி இயல்பா நடக்கணும். ஒத்திகை வியாழக்கிழமை.”

செவ்வாய் சாயங்காலம் அமலா ஒரு பழக்கூடையோடு குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்தாள். கமலம் கோப்பி கலக்கப் போனாள். அவளும் கவிப்ரியாவும் ஞாயிற்றுக்கிழமையே பேசிக்கொண்டுவிட்டார்கள். ஒரே இலையில் மிச்சமிருந்த கேசரியை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டதுதான் பேச்சு.

“அங்கிள், ஆங் மோ கியோவுக்கு நீங்க கண்டிப்பா வரணும்” என்றாள் அமலா. “அன்னிக்குக் கேட்டீங்களே ஒரு கேள்வி, அதே கேள்வியக் கேக்கணும். மூணு தடவை. வண்டி நாங்க அனுப்புறோம்.”

“என்ன கேள்வி?” என்றார் கோவிந்தசாமி.

“தேக்கா விழாவுல கேட்டீங்களே.”

“நான் தேக்காவுக்குப் போயி ரொம்ப நாளாச்சே.”

அமலா சிரித்தாள். இது அவள் எதிர்பார்த்ததுதான். சொல்லப்போனால் இந்த ஏற்பாட்டுக்கே இதுதான் அடிப்படை. “பரவால்ல அங்கிள், நான் சொல்லித்தர்றேன். நீங்க இப்படிக் கேக்கணும். கால் மணிக்கு அப்புறம் என்ன ஆகும்?”

கோவிந்தசாமி அவளை விநோதமாகப் பார்த்தார்.

“முன்னைவிட மோசமாயிடும்லா. தெரிஞ்சத எதுக்கும்மா கேக்கணும்?”

கவிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் படித்த எந்தப் பாடமும் அந்த நேரத்தில் அவளுக்கு உதவிக்கு வரவில்லை. உதவி வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

அமலா இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் அதே பதில் வந்தது. அவள் எழுந்துகொண்டாள். கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டே போனில் யாரிடமோ, “அங்கிளுக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு, இனிமே யூஸ் பண்ண முடியாது, வேற ஆளப் பாருங்க” என்று சொல்லியபடி லிஃப்டுக்கு நடந்தாள்.

கமலம் கோப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து கணவர் எதிரே உட்கார்ந்தாள்.

“இப்ப என்ன சொன்னீங்க?” என்றாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

அவர் சொன்னார்.